மார்கழிக்கு ஒரு ஆள்

அக்டோபர் 23, திங்கள்

இன்று ஆயுத பூஜை. ஏழு மணிக்கே ஸ்டுடியோவில் இருந்தேன். என் மகள் நிதிலா, அத்தையின் இடுப்பில் இருந்தபடி அழுதது தெருமுனை வரை கேட்டது. பதிமூன்று மாதம் ஆகிறது, இன்னும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பதினோரு மாதத்தில் நடந்ததாம். அவர்கள் கேட்காமலே வந்து சொல்கிறார்கள்.

பரமகுரு அண்ணனின் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்குக் கேமராக்களையும் விளக்குகளையும் துடைத்துப் பொட்டு வைப்பதோடு, எடிட்டிங் கம்ப்யூட்டர்களின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி, தூசி ஊதி, திரும்ப மாட்ட வேண்டும். அவரவர் சிஸ்டத்தை அவரவர்தான் செய்ய வேண்டும். சந்தனம் குங்குமம் பெட்டிக்கு வெளியே.

எனக்கு வெளியே மட்டும் வைக்க மனம் வரவில்லை. வேலை முழுவதும் இருப்பது உள்ளே, அந்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில். கேபிளைப் பிடுங்கிய கையோடு டிஸ்க்கின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்து, வேண்டிக்கொண்டு, கேபிளை மாட்டினேன். சந்தனம் கொஞ்சம் தண்ணீராக இருந்தது.

என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத வேண்டியதில்லை. பொரி கொடுக்கும்போது அண்ணன் சொல்லிவிட்டார்.

"மார்கழி பொறந்தா கல்யாணம் கிடையாது. எடிட்டிங்குக்கு ஒரு ஆள் போதும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பாருங்க. யார் கை வேகமோ அவங்க இருக்கட்டும். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல."

இரண்டு பேர் என்றால் நானும் ஜெனோவாவும். மூன்று வருஷம் நான் இங்கே எடிட்டர். பிரசவத்துக்குப் போனபோது என் இடத்துக்கு அவளை எடுத்தார்கள். திரும்பி வந்து பன்னிரண்டு நாளாகிறது. என் நாற்காலியில், என் சிஸ்டத்தில் அவள் இருக்கிறாள். எனக்கு ஜன்னலோரத்து சிஸ்டம். இரண்டும் ஒரே நாளில் ஒன்றுபோல வாங்கியவைதான்.

"ஒங்க எடத்துல உக்காந்துட்டேன்னு மனசுல வச்சுக்காதீங்கக்கா. வேணும்னா மாத்திக்குவோம்" என்றாள் முதல் நாளே.

"அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலை இல்லையென்றால் ஓசூர். அங்கே வேலை பார்க்கும் நிதிலா அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். திண்டுக்கல் வீட்டைக் காலி செய்துவிட்டு, அவர் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை. கீழே ஓரகத்தி. அந்த வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டி "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்பார்கள். நான் போகமாட்டேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சிஸ்டத்தைப் போட்டு ஒரு கல்யாணத்தைத் தொடங்கினேன். நிதிலாவுக்கு இன்று மூன்று முறை வெளிக்குப் போனது. பொரியை யாரோ வாயில் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 26, வியாழன்

என்னுடைய சிஸ்டம் நகரவில்லை. மூன்று கேமராப் படங்களை ஒன்றாக ஓடவிட்டால், தாலி கட்டுகிற கை பாதியில் நிற்கிறது. எட்டு எண்ணும் வரை நிற்கிறது. பிறகு குதிக்கிறது. ஜெனோவா ஒரு கல்யாணத்தை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டாள். நான் இன்னும் மாப்பிள்ளை அழைப்பைத் தாண்டவில்லை.

அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றுபோன அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் மாதிரி இருந்தது. மதியம் பாத்ரூமில் பீய்ச்சி விட்டேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஜெனோவா வெளியே முதுகைச் சாத்திக்கொண்டு நின்றாள். லைட்மேன் வந்து கேட்டபோது, "உள்ள பல்லி இருக்குண்ணே, அக்கா வெரட்டுறாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஐந்து நாளாக நான் செய்தவை: தேவையில்லாத ஃபைல்களை அழித்தேன். வைரஸ் தேடினேன். எடிட்டிங் மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். எதுவும் ஆகவில்லை.

இன்று டிஸ்க்கின் வேகத்தை அளந்தேன். நொடிக்கு நூற்று இருபத்தெட்டு எம்.பி. ஜெனோவா டீ குடிக்கப் போனபோது அவளுடையதையும் அளந்தேன். ஐந்நூற்று முப்பது. ஒரே கம்பெனி, ஒரே டிஸ்க்.

டிஸ்க்கின் உடம்பைப் பரிசோதிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரி: 150, ஒரு கோடு, 600. அதாவது இந்த டிஸ்க்குக்கு அறுநூறில் பேசத் தெரியும், ஆனால் நூற்றைம்பதில் பேசிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்த மூன்று வருஷமும் வீணில்லை. டிஸ்க்கும் மதர்போர்டும் முதலில் கைகுலுக்கி ஒரு வேகத்தை ஒத்துக்கொள்ளும். வழியில் பிழை வந்துகொண்டே இருந்தால் ஒரு படி இறங்கும். இன்னும் வந்தால் இன்னொரு படி. பிழைகளை டிஸ்க்கே எண்ணி வைத்திருக்கிறது: 4,812. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 4,950.

இந்த எண் ஏறுகிறது என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது. கேபிள்தான் சரியில்லை. நாளையோ மறுநாளோ மதியம் திறந்து பார்க்க வேண்டும்.

கேழ்வரகு தீர்ந்துவிட்டது. ஊறவைத்து முளைகட்ட வேண்டும்.

நவம்பர் 2, வியாழன்

திறந்தேன். கேபிளின் வாய் மஞ்சளாக இருக்கிறது.

சந்தனம் காய்ந்து, உள்ளே இருக்கும் கம்பிப் பற்களுக்கு நடுவில் பாறையாகப் பிடித்திருக்கிறது. டிஸ்க் பக்கம் இருந்ததைப் பஞ்சுக் குச்சியில் சானிடைசர் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது. கேபிள் வாய்க்குள் குச்சி நுழையவில்லை. ஊசியால் சுரண்டினேன். பல் வளைந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

நல்லதை நினைத்துத்தான் வைத்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. இந்தக் கேபிள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். போய்வர அரை மணி நேரம். ஆனால் எங்கே போனாய் என்று அண்ணன் கேட்பார். கேபிள் என்று சொன்னால் என்ன ஆச்சு கேபிளுக்கு என்பார். பூஜைச் சந்தனத்தை உள்ளே கொண்டுபோய்ப் பூசிய எடிட்டரையா மார்கழிக்கு வைத்துக்கொள்வார்?

நிதிலா அப்பா போனில், "என்ன, முடிவு தெரிஞ்சிருச்சா? அண்ணி மாடியக் கழுவி வச்சிருக்காங்க" என்றார்.

நவம்பர் 7, செவ்வாய்

மதியம் அண்ணன் மண்டபத்தில் இருந்தார். லைட்மேன்களும் அவரோடு. நிதிலாவுக்குக் காய்ச்சல் சொட்டு மருந்து வாங்க வேண்டும் என்று சொன்னேன். ஜெனோவா, "நீங்க சாப்பிடுங்கக்கா. பாலும் குடுக்குறீங்க, வெயில்ல அலையாதீங்க. நான் வாங்கிட்டு வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிடம் ஆயிற்று.

நிதிலாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. வீட்டில் ஒரு பாட்டில் இருப்பது நல்லதுதானே.

இப்போது என் சிஸ்டம் 600 காட்டுகிறது. இப்போது ஜெனோவா உட்காரும் அந்தச் சிஸ்டத்தை மூன்று வருஷம் தினமும் துடைத்து வைத்தவள் நான். அதற்குள் இருந்த கேபிளை நான்தான் மாட்டினேன், கல்யாணத்துக்கு முன்பு. என் கேபிள் என்னிடம் வந்துவிட்டது. இதில் மாறியது இரண்டு வயர், அவ்வளவுதான். ஒன்றை எடுத்துவிட்டு வெறுமனே விடவில்லை. அவளுக்கும் ஒன்று இருக்கிறது. வேலை செய்கிற கேபிள்தான் அது, மெதுவாக.

பிழை எண்ணிக்கை 31,077-இல் நின்றுவிட்டது. அது இனி ஏறாது. ஆனால் குறையவும் குறையாது. டிஸ்க் இருக்கும்வரை அதற்குள் இருக்கும்.

நவம்பர் 9, வியாழன்

"அக்கா, என் சிஸ்டத்துக்கு என்னமோ வந்துருச்சு. முந்தாநாள் வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்ப பொண்ணு தலை குனிஞ்சா நிமிரவே மாட்டேங்குது."

விண்டோஸ் அப்டேட் ஏதாவது வந்திருக்கும் என்றேன்.

ஒரே நாளில் ஒன்றரைக் கல்யாணம் முடித்தேன். அண்ணன் டீயோடு ஒரு கேக்கும் வாங்கித் தந்தார். கேக்கைப் பாதி நிதிலாவுக்குக் கொண்டு வந்தேன். முட்டை கலந்திருக்கும் என்று அத்தை கொடுக்க விடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நிதிலா அப்பா வந்திருக்கிறார். வெடிச் சத்தத்துக்கு நிதிலா என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கவே இல்லை. ஜெனோவா அவளுக்கு ஒரு சிவப்பு கவுன் கொடுத்து அனுப்பியிருந்தாள். கைப் பக்கம் கொஞ்சம் பெரிது.

நவம்பர் 15, புதன்

விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு என்று நான்தான் சொன்னேன். இரண்டு நாள் ஆயிற்று அவளுக்கு. மென்பொருள்கள், எழுத்துருக்கள், எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

அண்ணன் வந்து, "என்னம்மா, தீபாவளி லேகியம் சாப்ட்டுத் தூங்குதா ஒன் கம்ப்யூட்டரு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

நான் சொன்னது தவறான யோசனை இல்லை. எந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்தைத் திறந்தாலும் அதையும் செய்து பார்க்கச் சொல்வார்கள்.

நவம்பர் 20, திங்கள்

இன்று கேட்டுவிட்டாள். "கேபிளா இருக்குமாக்கா? என் தம்பி சொல்றான், ஒருக்கா கழட்டி மாட்டிப் பாருன்னு."

"கேபிள்ல என்ன ஆகப்போகுது. அது வெறும் வயரு. வேலை செஞ்சா செய்யும், இல்லேன்னா செய்யாது. பாதி வேலை எல்லாம் செய்யாது."

"எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை. எங்கே போனாலும் வேலை கிடைக்கும். அவள் அம்மா பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறார், வீட்டில் ஒரு வருமானம் இருக்கிறது. என் நிலைமையில் அவள் இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கத் தலை வலித்தது.

நிதிலா எடை எட்டு கிலோ நூறு. போன மாதம் எட்டு கிலோ. டாக்டர் உதட்டைச் சுழித்தார்.

நவம்பர் 24, வெள்ளி

இன்று நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பெரிய இடத்துக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், மாலையில் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். காலையில் எடுத்ததை ஐந்து நிமிடப் படமாக வெட்டி, ரிசப்ஷன் மேடையில் எல்.இ.டி. திரையில் போட்டுக் காட்ட வேண்டும். இந்த மாதிரி வேலையை அண்ணன் எப்போதும் ஜெனோவாவுக்குத்தான் கொடுப்பார். பாட்டுக்கும் படத்துக்கும் தாளம் சேர்ப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. இதை நான் மறுக்கவில்லை.

பதினொன்றரைக்கு ஆரம்பித்தாள். நான்கு மணிக்கு அழுதுகொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு, வெட்டியதை ஒரே படமாக்கி எடுக்க ரெண்டர் விட்டாள். எழுபது சதவீதத்தில் நின்றது. மறுபடி விட்டாள். நாற்பதில் நின்றது.

ஏழு மணிக்கு மண்டபத்திலிருந்து அண்ணன் போனில் கத்தியது எனக்கே கேட்டது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, பின்னால் திரை நீலமாக எரிந்துகொண்டிருக்கிறதாம். பெண்ணின் மாமா மைக்கை வாங்கி, "பொண்ணுக்குப் புள்ளை பொறந்து அதுக்குக் காது குத்துறதுக்குள்ளயாவது படம் வந்துரும்ல?" என்று கேட்டாராம். மண்டபமே சிரித்ததாம்.

அண்ணன் சொன்னார், "சுகிர்தா, நீ முடிச்சுக் குடு."

அவள் வெட்டி வைத்ததை என் சிஸ்டத்துக்கு மாற்றினேன். ஒரு இடத்தையும் தொடவில்லை. ரெண்டர் விட்டேன். ஆறு நிமிடம் ஆனது. லைட்மேன் பைக்கில் எடுத்துக்கொண்டு பறந்தான். எட்டே காலுக்குத் திரையில் ஓடியிருக்கிறது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று கைதட்டினாராம்.

ஜெனோவா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களாலதான்க்கா மானம் பொழச்சுச்சு."

அவள் கை சில்லென்று இருந்தது. ஏதாவது சாப்பிடு என்று சொன்னேன்.

நவம்பர் 25, சனி

அண்ணன் மண்டபத்தில் எல்லாரிடமும் என் பெயரைத்தான் சொன்னாராம்.

நவம்பர் 27, திங்கள்

காலையில் நான் போனபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். கையில் அந்தக் கேபிள், சேஃப்டி பின், சானிடைசர். பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் மஞ்சளாக நாலைந்து கிடந்தது.

"இங்க பாருங்கக்கா. வாய்க்குள்ள சந்தனம். இதுதான்க்கா இவ்வளவு நாளா. தம்பி சொன்னது சரி." சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி முகம். "இது எப்படி உள்ள போச்சுன்னுதான் தெரியல. நான் வெளியதான வச்சேன்."

அப்போது அண்ணன் உள்ளே வந்தார்.

"என்ன தொடைக்கிற?"

"சந்தனம்ணே. பூசையன்னிக்கு வச்சது கேபிளுக்குள்ள..."

"பூசையில வச்சத யாராச்சும் சுரண்டி எடுப்பாங்களா? தானா உதிரணும். எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் கடையில பொட்டத் தொடச்சது கெடையாது."

"இல்லண்ணே, இது உள்ள இருந்தா வேகம் கொறையும். அதனாலதான் அன்னிக்கி..."

"ஓ. படம் நின்னதுக்கு என் சந்தனம் காரணம்."

"அப்படிச் சொல்லலண்ணே."

"வேற எப்படிச் சொல்ற? ஒனக்கு நம்பிக்கை இல்லேன்னா வைக்காம இருந்திருக்கலாம். யாரு கட்டாயப்படுத்துனா? வச்சத ஏன் சுரண்டுற?"

பூஜையன்று இவள்தான் தன் ஸ்கூட்டிக்கும் பொட்டு வைக்கச் சொல்லி வரிசையில் நின்றாள். பொரியில் பொட்டுக்கடலை போதவில்லை என்று சண்டை போட்டாள். அது அண்ணனுக்கும் தெரியும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் தெரியும். இது இருந்தா ஸ்பீடு கொறையும்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நிதிலாவை நினைத்துக்கொண்டேன். அந்த மாடியறையை நினைத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லண்ணே" என்றேன். "சந்தனத்தால எல்லாம் கம்ப்யூட்டர் மெதுவாகாது."

ஜெனோவா தரையில் குனிந்தாள். மஞ்சள் டிஷ்யூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவற்றைக் குப்பைக்கூடையில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

போகும்போது கேபிளை மாட்டிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அந்தச் சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தேன். அறுநூறு காட்டியது. நன்றாகத்தான் சுத்தம் செய்திருக்கிறாள்.

நவம்பர் 28, செவ்வாய்

டயப்பர் இரண்டு கட்டு. வேப்பெண்ணெய். நிதிலா தொடையில் சிவந்திருக்கிறது.

டிசம்பர் 2, சனி

என்னை மார்கழிக்கும் அதற்குப் பிறகும் வைத்துக்கொள்வதாக அண்ணன் சொல்லிவிட்டார். நிதிலா அப்பாவிடம் சொன்னேன். "சரி, அப்ப மாடிய வேற யாருக்காச்சும் விட்ருவாங்க" என்றார். சந்தோஷப்பட்டாரா என்று தெரியவில்லை.

என் பழைய நாற்காலிக்கு மாறிக்கொண்டேன். மேஜை டிராயரில் ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாயும் ஒரு ஜெபமாலையும் இருந்தன. மிட்டாயை லைட்மேன்களுக்குக் கொடுத்தேன். மாலையைக் கவரில் போட்டு, கவுண்டர் ஆளிடம் கொடுத்து வைத்தேன்.

டிசம்பர் 9, சனி

ஐந்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டார்.

"சுகிர்தா, இனிமே ஞாயித்துக்கிழமையும் வந்துரும்மா."

"பாப்பாவோட அந்த ஒரு நாள்தான்ண்ணே..."

அவர் போனை எடுத்து, எதையோ தேடி, என் பக்கம் திருப்பி மேஜையில் வைத்தார். கடைக் கேமராவில் பதிந்த படம். மேலேயிருந்து எடுத்தது. நான் தரையில் குந்தியிருக்கிறேன். இரண்டு பெட்டியும் திறந்திருக்கின்றன. ஒரு கையில் ஒரு கேபிள், மறு கையில் ஒரு கேபிள். ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். என் உச்சி வகிடு எவ்வளவு அகலமாகிவிட்டது என்பதைத்தான் முதலில் கவனித்தேன். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுகிறது.

அந்தக் கேமரா கவுண்டரை மட்டும்தான் பார்க்கும் என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்கே மண்டபத்துல வச்சுப் பாத்துட்டேன். சந்தனத்தச் சுரண்டுனப்பத்தான் அது என்னன்னு வெளங்குச்சு. சத்தம் வராது இதுல. படம் வரும்."

"அப்ப ஏண்ணே அவள..."

"அந்தப் புள்ள ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்குப் போகணும்னு மூணு தடவ மண்டபத்துக்கு வரமாட்டேன்னுருச்சு. நல்லா வேலை பாக்குற புள்ளைய எதச் சொல்லி அனுப்புறது? நீயே ஒரு வழி பண்ணிக் குடுத்த." போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பயப்படாத. நான் யார்ட்டயும் சொல்றவன் இல்ல. எனக்கு ஒன்ன மாதிரி ஒரு ஆள் வேணும். டீ சொல்லவா?"

சொல்லுங்கண்ணே என்றேன். சர்க்கரை அதிகமாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

போனேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி முதல் நாள். ஸ்டுடியோவில் வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் வரச் சொல்லியிருந்தார். பழைய ஆல்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெனோவா கூப்பிட்டாள். எடுக்காமல் விடலாம் என்று பார்த்தேன். இரண்டாவது முறையும் அடித்தது.

"அக்கா, நல்லாருக்கீங்களா? நித்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளா?"

"இன்னும் இல்ல."

"நடந்துருவா. என் தம்பி ஒன்றரை வயசுலதான் நடந்தான், இப்ப ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறான்." கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்களத் தவிர எனக்குக் கேக்க ஆள் இல்ல. அன்னிக்கி நீங்க தெரியாமத்தான சொன்னீங்க. எனக்கு வருத்தமெல்லாம் இல்ல."

அவள் வீட்டிலேயே எடிட்டிங் ஆரம்பித்திருக்கிறாள். தம்பியின் பழைய கம்ப்யூட்டரில். அவள் போகிற மாதா கோயிலில் போன மாதம் நடந்த ஒரு கல்யாணம்தான் முதல் ஆர்டர். வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க்கில் எல்லாப் படத்தையும் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு ஏற்றினால் வேகம் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, பாதிகூட ஏறவில்லை. புதன்கிழமைக்குள் கேட்கிறார்கள்.

முப்பத்தெட்டு என்று அவள் சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க குத்தியிருக்க? முன்பக்கமா, பின்பக்கமா?"

"முன்பக்கம்தான்க்கா. அதுதான் கைக்கு எட்டுது."

"ஓட்டைக்குள்ள என்ன கலர் இருக்கு?"

"கறுப்பு. ஏன்க்கா?"

கறுப்பு என்றால் பழைய யு.எஸ்.பி., பழைய வேகம். பின்னால் நீல வாய் உள்ள ஓட்டை இருக்கும். பிடுங்கி அதில் குத்தினால் மூன்று பங்கு வேகம். அரை நிமிட வேலை. கவுண்டரில் ஆள் இல்லை. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். என்னை யாரும் பார்க்கவில்லை, எதையும் சொல்லச் சொல்லவில்லை.

"சும்மா கேட்டேன்" என்றேன். "ஜெனோ, அந்த டிஸ்க் போகப்போகுது. உள்ள தேஞ்சிருக்கு. இப்படித்தான் மெதுவா ஆகி ஒருநாள் மொத்தமா நின்னுரும். அடுத்தவங்க வீட்டுக் கல்யாணம், ஒன் கையில போச்சுன்னா என்ன பதில் சொல்லுவ? திருப்பிக் குடுத்துரு."

"மொத ஆர்டர்க்கா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவள் வீட்டில் யாரோ கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்."

டிசம்பர் 20, புதன்

நிதிலாவுக்கு ஊசி போட்டாயிற்று. ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார், ஐம்பது நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

மதியம் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். வேறு ஒருவரிடம் கொடுத்திருந்தார்களாம், முடியவில்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். அண்ணன் டிஸ்க்கை வாங்கி என் மேஜையில் வைத்தார். பின்பக்கம் குத்தினேன். நூற்றுப் பதினைந்தில் ஏறியது. சாயங்கால டீ வருவதற்குள் பாதி ஏறிவிட்டது.

கோயில் கல்யாணம் வெட்டுவது எளிது. எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், வெளிச்சமும் நன்றாக இருக்கும். மோதிரம் மாற்றும்போது பாட்டுக் குழுவைக் காட்டுகிறார்கள். இரண்டாவது வரிசையில், ஊதா சேலையில், ஜெனோவா பாடுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். நல்ல ஷாட். வேறு யாராவது என்றால் அதைத்தான் முதலில் வைப்பேன்.

அவளை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் பலிபீடத்துப் பூவை வைத்தேன். பாட்டை வெட்ட முடியவில்லை, மோதிரம் மாற்றி முடியும்வரை அது ஓடியாக வேண்டும்.